வாசலில் வீதியை மூடப் போகிறார்கள் என்றால்: லண்டனில் புதிதாகக் கடை எடுத்தவர்களுக்கு

ஒரு வெள்ளிக்கிழமை விடிய ஐந்தரைக்கு மரக்கறி வான்காரத் தம்பி போன் எடுத்தார். "அண்ணை, உங்கட ரோட்டு பூட்டிக் கிடக்கு. நான் எங்கால வாறது?" கடைக்கு மேலேதான் எங்கள் வீடு. இறங்கி வெளியே வந்து பார்த்தால் வீதியின் இரண்டு முனையிலும் சிவப்பு வெள்ளைத் தடுப்புகள். கடையிலிருந்து நாலு கதவு தள்ளிக் கிடங்கு வெட்ட வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டிருந்தார்கள். முதல்நாள் இரவு பத்து மணிக்குப் பிறகுதான் வந்து மூடியிருக்க வேண்டும்.

அன்று 20 கிலோ அரிசி மூட்டைகளையும் முருங்கைக்காய்ப் பெட்டிகளையும் மூலையிலிருந்து கடை வரைக்கும் நானும் மகனும் தோளில் சுமந்தோம். வீதி 19 நாள் மூடிக்கிடந்தது. குடிநீர்க் குழாய் மாற்றும் வேலை.

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கவுன்சிலுக்குப் போய்க் கேட்டேன். அங்கிருந்த பெண்மணி பொறுமையாகக் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். மூன்று மாதத்துக்கு முன்பே வரைபடத்தில் போட்டிருக்கிறார்கள். பத்திரிகையில் விளம்பரம் வந்திருக்கிறது. மின்கம்பத்தில் அறிவித்தலும் கட்டியிருக்கிறார்களாம். திரும்பி வந்து அந்தக் கம்பத்தைத் தேடிப் பார்த்தேன். மறுசுழற்சித் தொட்டிக்குப் பின்னால், கழுத்தளவு உயரத்தில், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் ஏ4 தாள். உறைக்குள் மழைத்தண்ணீர் போய் மை கரைந்து, வீதியின் பெயர் மட்டும் அரைகுறையாகத் தெரிந்தது.

சட்டப்படி எல்லாம் சரி. அறிவித்தல் கொடு என்றுதான் சட்டம் சொல்கிறது, கடைக்காரரின் கையில் கொடு என்று சொல்லவில்லை. ஆகவே நாங்கள்தான் தேடிப் போய் எடுக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று பிறகு நான் பழகிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். இது இங்கிலாந்துக்கு, அதிலும் லண்டனுக்குப் பொருந்தும். ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் முறை வேறு.

1. வீதி யாருடையது, கிடங்கு யாருடையது

இது இரண்டு தரப்பு. முதலில் இதைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டி உங்களை ஒரு கிழமை அலைய விடுவார்கள்.

வீதியைப் பொறுப்பெடுத்து வைத்திருப்பது பெரும்பாலும் உங்கள் பரோ கவுன்சில். லண்டனில் 32 பரோக்களும் சிற்றி ஒஃப் லண்டனும் இருக்கின்றன. ஓரத்தில் சிவப்புக் கோடு போட்ட பெருவீதி என்றால் அது லண்டன் போக்குவரத்தைக் கவனிக்கும் டி.எஃப்.எல்.இன் கையில். வீதி மூடுவதற்கான உத்தரவு, மாற்றுவழி, வாகனத் தரிப்பிடங்களை நிறுத்திவைப்பது எல்லாம் இவர்களுடைய அலுவல்.

கிடங்கு வெட்டுவது தண்ணீர், எரிவாயு, மின்சாரம், இணையம் ஆகியவற்றின் கம்பனிகள். எத்தனை நாள், எந்த நேரம், நட்ட ஈடு உண்டா என்பதெல்லாம் அவர்களிடம் கேட்க வேண்டியவை. இங்கே பலரும் விழுகிற குழி ஒன்று இருக்கிறது: உங்களுக்குக் காஸ் பில் அனுப்பும் கம்பனி வீதியைத் தோண்டுவதில்லை. குழாய்க்குச் சொந்தக்காரர் வேறு. தேம்ஸுக்கு வடக்கே கேடென்ட், தெற்கே எஸ்.ஜி.என். மின்கம்பிக்கு லண்டனின் பெரும்பகுதியில் யூ.கே. பவர் நெட்வேர்க்ஸ், மேற்கே சில இடங்களில் எஸ்.எஸ்.ஈ.என். பில்லில் இருக்கும் இலக்கத்துக்கு அழைத்து அரை மணித்தியாலம் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவன் சொல்கிறேன்.

கிடங்கில் நிற்கிற பெடியன்களோடு சண்டை பிடிக்காதீர்கள். அவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். பின்னால் சொல்வேன், அவர்களோடு நல்லாய் இருந்தால் உங்களுக்குத்தான் உதவி.

2. எத்தனை நாளுக்கு முன் தெரியவரும்

லண்டனில் வீதியைத் தோண்டக் கம்பனிகள் அனுமதி எடுக்க வேண்டும். பெர்மிட் என்பார்கள். வேலை எத்தனை நாள் எடுக்கும் என்பதை வைத்து அதை வகைப்படுத்துகிறார்கள்:

மூன்று நாளுக்குள் முடியும் சிறு வேலைக்கு, தொடங்க 3 வேலை நாளுக்கு முன் விண்ணப்பித்தால் போதும். நாலு முதல் பத்து நாள் வரை என்றால் 10 வேலை நாள். பத்து நாளைத் தாண்டினால் அது பெரிய வேலை. அதற்கு மூன்று மாதத்துக்கு முன்பே முற்கூட்டிய அனுமதி கேட்க வேண்டும், பிறகு 10 வேலை நாளுக்கு முன் முழு விண்ணப்பமும் போட வேண்டும்.

எங்களுக்கு முக்கியமானது அடுத்த விஷயம். வீதியை மூடத் தற்காலிகப் போக்குவரத்து உத்தரவு தேவைப்பட்டால், வேலை இரண்டு நாள்தான் என்றாலும் அது பெரிய வேலையாகவே கணக்காகும். இந்த உத்தரவை டி.டி.ஆர்.ஓ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள், இந்த எழுத்துகளை நினைவில் வைத்திருங்கள். அதாவது திட்டமிட்ட வீதி மூடல் என்றால், வழமையாக மூன்று மாதத்துக்கு முன்பே எங்கேயோ ஒரு பதிவில் அது ஏறியிருக்கும். கவுன்சில் சம்மதித்தால் இந்தக் கால அளவைக் குறைக்கலாம் என்பதால் மூன்று மாதம் கட்டாயம் கிடைக்கும் என்று கனவு காணாதீர்கள். ஆனாலும் முதல்நாள் இரவு வரைக்கும் ஒன்றும் தெரியாமல் இருக்க வேண்டிய தேவை இல்லை.

அவசர வேலை வேறு கதை. குழாய் வெடித்து வீதியில் தண்ணீர் ஓடினால், காஸ் மணந்தால், அவர்கள் முதலில் தோண்டிவிட்டுத்தான் சொல்வார்கள். தொடங்கி இரண்டு மணித்தியாலத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். இரவிலோ விடுமுறையிலோ நடந்தால் அடுத்த வேலை நாள் காலையில் செய்யலாம். ஆபத்து என்ற காரணத்தில் உத்தரவு இல்லாமல் ஓர் அறிவித்தலோடு மட்டும் வீதியை 21 நாள் வரை மூடலாம். இதற்கு முன்கூட்டித் தயாராக வழியே இல்லை. ஆனால் 7ஆம், 8ஆம் படிகள் இதற்கும் பொருந்தும்.

3. வரைபடத்தில் உங்கள் வீதியைப் பதிந்து வையுங்கள்

செலவு: ஒன்றும் இல்லை. நேரம்: பத்து நிமிடம். இந்தக் கட்டுரையில் இந்தப் பத்து நிமிடத்தை மட்டும் நீங்கள் செய்தாலே எனக்குப் போதும்.

வன் டொட் நெட்வேர்க் (one.network) என்ற இணையத்தளத்தில் நாடு முழுவதும் நடக்கிற, நடக்கப்போகிற வீதி வேலைகள் வரைபடமாக இருக்கும். பல கவுன்சில்களின் வீதி வேலைப் பக்கத்திலிருந்தும் அங்கேதான் போய்ச் சேர்வீர்கள். உங்கள் போஸ்ட்கோடை அடித்து, திகதி வரம்பை அடுத்த மூன்று மாதத்துக்கு நீட்டுங்கள். தொடக்கத்தில் அது சில நாட்களைத்தான் காட்டும். "ஒன்றும் இல்லையே" என்று மூடிவிட்டுப் போகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

ஒவ்வொரு குறியையும் அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும். அதில் பார்க்க வேண்டியவை: யார் செய்கிறார்கள், தொடங்கும் முடியும் திகதிகள், பெர்மிட் இலக்கம், போக்குவரத்து எப்படிக் கட்டுப்படுத்தப்படும் என்ற வரி. அந்த வரியில் 'ரோட் க்ளோஷர்' என்று இருந்தால் வீதி முழுக்க மூடல். தற்காலிக சமிக்ஞை விளக்கு என்றோ ஒரு பக்க ஓட்டம் மட்டும் என்றோ இருந்தால் சமாளிக்கலாம்.

அப்புறம் இலவசக் கணக்குத் திறந்து மின்னஞ்சல் எச்சரிக்கைக்குப் பதியுங்கள். உங்கள் வீதியை மட்டும் போடாமல், கடையைச் சுற்றி அரை மைல் அளவுக்கு வட்டம் போடுங்கள். காரணம் இருக்கிறது. மூன்று தெரு தள்ளி மூடினாலும் அதன் மாற்றுவழி உங்கள் வாசலால் போகலாம். அப்போது பஸ்ஸும் லொறியும் திரும்ப இடம் விட வேண்டும் என்று உங்கள் கடைக்கு முன்னால் உள்ள தரிப்பிடங்களை நிறுத்திவைப்பார்கள். வாடிக்கையாளர் கார் நிறுத்த இடமில்லாமல் போய்விடுவார்.

எச்சரிக்கை மின்னஞ்சல் கிழமைக்கு நாலைந்து வரும், பாதி உங்களுக்குத் தேவையில்லாதது. அலுத்துப்போய் நிறுத்திவிடாதீர்கள். நான் அதற்கென்று தனி மின்னஞ்சல் முகவரி வைத்து, ஞாயிறு இரவு கணக்குப் பார்க்கும்போது ஒரு தடவை ஓடிப் பார்க்கிறேன்.

4. அறிவித்தலை வடிவாக வாசியுங்கள்

உத்தரவு போடுவதற்குக் குறைந்தது 7 நாள் முன், அந்தப் பகுதியில் ஓடும் பத்திரிகை ஒன்றில் கவுன்சில் அறிவித்தல் போட வேண்டும். லண்டன் பரோக்கள் பலவும் அதை லண்டன் கெசட்டிலும் போடுகின்றன. ஊரில் வர்த்தமானி என்போமே, அதுபோன்றது. கெசட்டின் இணையத்தளத்தில் வீதியின் பெயரைத் தேடலாம், காசு இல்லை. ஒரே அறிவித்தலில் ஏழெட்டு வீதிகளைச் சேர்த்துப் போடுவது உண்டு, ஆகவே தலைப்பைப் பார்த்துவிட்டு விடாதீர்கள்.

அந்த ஆங்கிலம் வழக்கறிஞரின் ஆங்கிலம். நாலு விஷயத்தைத் தேடுங்கள்: ஏன் மூடுகிறார்கள், வீதியின் எந்தப் பகுதி, மாற்றுவழி எது, எப்போதிலிருந்து எவ்வளவு காலம்.

கடைசி விஷயத்தில்தான் எல்லோரும் பயந்துபோகிறார்கள். "இந்த உத்தரவு 18 மாதம் வரை நடைமுறையில் இருக்கும்" என்று எழுதியிருக்கும். பக்கத்து சலூன்காரர் அதை வாசித்துவிட்டு என்னிடம் வந்து, கடையை விற்கலாமா என்று கேட்டார். பதினெட்டு மாதம் என்பது சட்டம் அனுமதிக்கும் உச்சம். வேலை பிந்தினால் திரும்பவும் விளம்பரம் போடத் தேவையில்லாமல் இருக்க அதைப் போட்டுவைப்பார்கள். உண்மையான நாட்கள் பெர்மிட்டில்தான் இருக்கும், அதாவது வரைபடத்தில்.

இன்னொரு குழி: அவர்கள் சொல்லும் நாள் வேலை நாள். "பத்து நாள் வேலை" என்றால் இரண்டு கிழமை. நடுவில் வங்கி விடுமுறை வந்தால் இன்னும் நீளும்.

மூன்றாவது: கிடங்கு 40ஆம் இலக்கத்துக்கு முன்னால் என்றாலும், மூடுவது பெரும்பாலும் ஒரு சந்தியிலிருந்து அடுத்த சந்தி வரைக்கும். உங்கள் கடை அந்த இரண்டு சந்திக்கும் இடையில் இருந்தால் நீங்களும் உள்ளே.

தபாலில் "தி ஒக்கியுபையர்" என்று மட்டும் விலாசமிட்டு வரும் கடிதங்களைப் பீட்சா விளம்பரத்தோடு சேர்த்து எறியாதீர்கள். கம்பனி கடிதம் போட்டால் அந்தப் பெயருக்குத்தான் வரும். எங்களுக்கும் ஒன்று வந்திருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

தற்காலிக உத்தரவுக்கு ஆட்சேபம் தெரிவிக்க நிரந்தர உத்தரவுக்கு உள்ளதுபோல் முறையான வழி இல்லை. "மூட வேண்டாம்" என்று மனுக் கொடுத்து நேரத்தை வீணாக்காமல், எப்படி மூடுவது என்பதில் சலுகை கேளுங்கள். அதற்குத்தான் அடுத்த படி.

5. திகதி தெரிந்த அன்றே ஒரு மின்னஞ்சல்

கம்பனிக்கு எழுதுங்கள், கவுன்சிலின் வீதி வேலைப் பிரிவுக்குப் பிரதி போடுங்கள். பெர்மிட் இலக்கத்தை விஷய வரியிலேயே எழுதுங்கள். அது இல்லாத மின்னஞ்சல் வாடிக்கையாளர் சேவை என்ற கடலில் போய் விழும், இருந்தால் நேரே அந்த வேலையைத் திட்டமிடுகிறவரிடம் போகும். தொலைபேசியில் கதைத்தாலும் பிறகு "நாங்கள் இன்று கதைத்தபடி" என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

என்ன கேட்பது?

கிடங்கு என் கடைக்கு எந்தப் பக்கம் வரும்? இதுதான் முதல் கேள்வி. மூடிய வீதி என்றாலும் கிடங்கு வரைக்கும் வாகனம் வர விடுவது வழக்கம். கிடங்கு உங்களுக்கு வடக்கே என்றால் தெற்கு முனையால் வான் வரலாம், ஆனால் திருப்ப இடமில்லாமல் பின்னோக்கியே ஓட்டிப் போக வேண்டும். இதை வான்காரருக்கு முன்பே சொன்னால் சின்ன வானோடு வருவார்.

சாமான் இறக்க நேரம் ஒதுக்க முடியுமா? பெரும்பாலான பரோக்களில் சத்தமான வேலை திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8 மணியிலிருந்து மாலை 6 மணி வரை, சனி மதியம் 1 மணி வரை. விடிய ஆறு மணிக்கு வேலைக்காரர் யாரும் இல்லை, ஆகவே தடுப்பைத் திறந்துவிடவும் ஆள் இல்லை. நீங்களே தடுப்பை நகர்த்தாதீர்கள், யாராவது கிடங்கில் விழுந்தால் பழி உங்கள் தலையில். எட்டேகாலுக்கு வரும்படி வானை மாற்றி, வாசலில் நிற்கும் ஆள் திறந்துவிடுவார் என்று எழுத்தில் வாங்குங்கள். ஒரு தேத்தண்ணி கொடுத்தால் அவரே பெட்டியும் தூக்கித் தருவார், எங்களுக்குத் தந்தார்.

நடைபாதை எவ்வளவு அகலம் இருக்கும்? நடந்து வருகிறவர்கள் உங்கள் கடைக்கு வருவதை அந்த உத்தரவு தடுக்க முடியாது. நடைபாதை 1.5 மீற்றர் அகலமாக இருப்பது நல்லது, எப்படிப் போனாலும் 1 மீற்றருக்குக் குறையக் கூடாது என்பது வேலைத்தளப் பாதுகாப்பு விதி. தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் போக வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள்.

'பிஸினஸஸ் ஓப்பன் அஸ் யூஷுவல்' என்ற மஞ்சள் பலகை இரண்டு முனையிலும் வைப்பீர்களா? கேட்டால் வைப்பார்கள். கேட்காவிட்டால் 'ரோட் க்ளோஸ்ட்' மட்டும்தான் நிற்கும், சனம் கடையும் பூட்டு என்று நினைத்துத் திரும்பிப் போய்விடும்.

பதில் வர ஒரு கிழமையாவது எடுக்கும். வராவிட்டால் கவுன்சிலுக்கு மட்டும் திரும்ப எழுதி, பெர்மிட்டில் என்ன நிபந்தனைகள் போட்டிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். தராவிட்டால் தகவல் அறியும் சட்டத்தில் கேட்கலாம். அது இலவசம், 20 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு முன்பே தெரிந்திருந்தால் இந்த 20 நாளும் கைக்குள் இருக்கும்.

6. மூடுவதற்கு முந்திய கிழமை

வெள்ளிக்கிழமை திரும்பவும் வரைபடத்தைப் பாருங்கள். திகதிகள் நகரும். மழை, ஆள் பற்றாக்குறை, பக்கத்தில் வேறொரு வேலை என்று ஒரு கிழமை தள்ளிப்போவது சாதாரணம். நாங்கள் இரண்டாம் தடவை மூடலுக்காகக் கத்தரிக்காய் ஓடரைப் பாதியாகக் குறைத்துவிட்டு இருக்க, அவர்கள் திங்கட்கிழமை வரவேயில்லை.

கடை முன்னால் தொட்டி வைத்திருந்தால் குப்பை லொறி எப்படி வரும் என்று குப்பைக் கம்பனியிடம் கேளுங்கள். நான் மறந்தது இது. மீன் வெட்டும் கடைக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வழமையான வாடிக்கையாளருக்கு வட்ஸ்அப்பில் ஒரு செய்தி: எந்தப் பக்கத்தால் வரலாம், கார் எங்கே நிறுத்தலாம். பஸ் தரிப்பிடம் மாறினால் அதையும் டி.எஃப்.எல். பக்கத்தில் பார்த்துச் சேருங்கள். எங்கள் கடைக்கு வருகிற ஆச்சிமார் பாதிப்பேர் பஸ்ஸில்தான் வருகிறார்கள்.

7. முதல் நாளிலிருந்தே எழுதி வையுங்கள்

நட்ட ஈடு கேட்கப் போகிறீர்களோ இல்லையோ, இதைச் செய்யுங்கள். மூன்று கிழமை கழித்து ஞாபகத்திலிருந்து எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

வேலைத்தளத்தில் ஒரு தகவல் பலகை நிற்கும். கம்பனியின் பெயர், தொலைபேசி இலக்கம், பெர்மிட் இலக்கம் எல்லாம் அதில் இருக்கும். முதல் நாளே படம் எடுங்கள். பிறகு ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் கடை வாசலில் நின்று இரண்டு பக்கமும் ஒவ்வொரு படம். ஆளே இல்லாமல் கிடங்கு சும்மா கிடக்கும் நாட்களில் மறக்காமல் எடுங்கள்.

ஒரு கொப்பியில் நாளுக்கு இரண்டு வரி: எந்த வான் வரவில்லை, எத்தனை பெட்டி பழுதாகி எறிந்தீர்கள், மேலதிகமாக யாருக்கு என்ன கொடுத்தீர்கள். கொடுத்த காசுக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். எறியும் மரக்கறியை நிறுத்துப் படம் எடுங்கள்.

கல்லாப் பெட்டியின் அன்றாட இஸட் ரிப்போர்ட்டை, அதாவது நாள் முடிவில் மொத்த விற்பனையைக் காட்டும் சீட்டைக் கிழித்து எறியாதீர்கள். மூடிய நாட்களுடையது, அதற்கு முந்திய இரண்டு மாதத்துடையது, போன வருடம் அதே கிழமைகளுடையது, மூன்றும் வேண்டும். போன வருடக் கணக்கு இல்லாவிட்டால் "அது பள்ளி விடுமுறைக் காலம், வியாபாரம் எப்படியும் குறைவுதான்" என்று சொல்லிவிடுவார்கள்.

8. நட்ட ஈடு யார் தருவார், யார் தரமாட்டார்

இது தோண்டியவர் யார் என்பதைப் பொறுத்தது. நியாயமா என்று கேட்காதீர்கள், அப்படித்தான் சட்டம் இருக்கிறது.

தண்ணீர், கழிவுநீர்க் குழாய் என்றால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. 1991ஆம் ஆண்டு நீர்த்தொழில் சட்டத்தின் 12ஆம் அட்டவணைப்படி, வீதியில் குழாய் வேலை செய்வதால் வரும் நட்டத்துக்குக் கம்பனி ஈடு கொடுக்க வேண்டும். தொகையில் இணக்கம் வராவிட்டால் நடுவரிடம் போகலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அட்டவணையின் எண்ணைக் குறிப்பிடுங்கள், பதிலின் தொனியே மாறும்.

எரிவாயு என்றால் சிறு வியாபாரங்களுக்கென்று 1996ஆம் ஆண்டு விதிகள் தனியாக இருக்கின்றன. வேலை 28 நாளைத் தாண்ட வேண்டும், நட்டம் ஓர் அளவுக்கு மேல் இருக்க வேண்டும், வேலை முடிந்து 3 மாதத்துக்குள் கேட்க வேண்டும். படிவத்தைக் குழாய்க் கம்பனியிடமே கேட்டு வாங்கலாம்.

மின்சாரம், தொலைபேசி, இணையக் கம்பிகளுக்கு இப்படி ஒன்று கிடையாது. கவுன்சில் வியாபார நட்டத்துக்குத் தராது. வேலை இழுபட்டால் கம்பனிக்கு நாளுக்கு 10,000 பவுண் வரை தண்டம் விழலாம் என்று கேள்விப்பட்டுச் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது அந்தக் காசு கவுன்சிலுக்குப் போகிறது என்று. கடைக் காப்புறுதியையும் ஒருக்கால் பாருங்கள், ஆனால் திட்டமிட்ட வீதி வேலையைப் பெரும்பாலும் அவர்கள் சேர்ப்பதில்லை.

தொகை கணக்கிடுவதில் நான் செய்த பிழையை நீங்கள் செய்யாதீர்கள். எங்கள் விற்பனை அந்த 19 நாளில் 14,000 பவுண் குறைந்தது. நான் 14,000 கேட்டு எழுதினேன். விற்காத சாமானுக்கு நாங்கள் காசும் கொடுக்கவில்லையே என்று திருப்பி அனுப்பினார்கள், அது நியாயம்தான். கேட்க வேண்டியது இழந்த இலாபம். எங்கள் கடையில் அது 22 வீதம், ஆகவே 3,080. அதோடு பழுதான மரக்கறி 640, சாமான் சுமக்க எடுத்த ஆளுக்கு 380. மொத்தம் 4,100 பவுண். கணக்காளர் ஒரு பக்கக் கடிதத்தில் இதை எழுதிக் கையெழுத்திட 150 பவுண் வாங்கினார். கொடுத்த காசுக்குத் தகும்.

கடைசியில் அதைவிடக் குறைவாகத்தான் கிடைத்தது. பழுதான மரக்கறியில் பெரும்பகுதியை வெட்டிவிட்டார்கள். முதல் இரண்டு மூன்று நாளுக்குச் சரி, அதற்குப் பிறகும் ஏன் அதே அளவு ஓடர் பண்ணினீர்கள் என்று கேட்டார்கள். பதில் இல்லை. மூடியிருக்கும் நாட்களில் நட்டத்தைக் குறைக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையும் கொப்பியில் எழுதுங்கள். முதல் கடிதத்திலிருந்து காசு வங்கிக்கு வர ஐந்து மாதம் எடுத்தது.

அனுப்ப வேண்டியவை: மூடலுக்கான அறிவித்தலின் பிரதி, பெர்மிட் இலக்கம், படங்கள், இஸட் ரிப்போர்ட்டுகள், இரண்டு வருட வற் கணக்கு, கணக்காளரின் கடிதம், பற்றுச்சீட்டுகள், கடை உங்கள் பெயரில் இருப்பதைக் காட்டும் குத்தகைப் பத்திரத்தின் முதல் பக்கம். எல்லாம் பிரதிதான். மூலத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

9. நீங்களே மூட வேண்டிவந்தால்

கடைக்குப் புதிய தண்ணீர் இணைப்போ கழிவுநீர் இணைப்போ எடுக்கும்போது இது வரும். இணைப்பைத் தண்ணீர்க் கம்பனியே செய்தால் அனுமதி எல்லாம் அவர்கள் பார்ப்பார்கள். ஆனால் அவர்கள் தரும் விலைக் கணிப்பில் போக்குவரத்து ஒழுங்குபடுத்தல் என்ற வரி உள்ளே இருக்கிறதா, "பின்னர் அறிவிக்கப்படும்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். பின்னது என்றால் பெரிய தொகை ஒன்று பின்னால் வரும்.

உங்கள் ஒப்பந்தக்காரர் வீதியில் குழாய் போடுவதானால் கவுன்சிலிடம் பிரிவு 50 அனுமதி எடுக்க வேண்டும். அவரிடம் வீதி வேலைத் தகைமைச் சான்றிதழும், கவுன்சில் கேட்கும் அளவு பொதுப் பொறுப்புக் காப்புறுதியும் இருக்க வேண்டும். 5 அல்லது 10 மில்லியன் பவுண் கேட்பார்கள். வீதியையும் மூட வேண்டுமென்றால் அதற்கு டி.டி.ஆர்.ஓ. விண்ணப்பம் தனி. ஆறு முதல் பன்னிரண்டு கிழமை வரை முன்னால் போடச் சொல்வார்கள். கட்டணம் பரோவுக்குப் பரோ மாறும், ஆயிரம் பவுணைத் தாண்டுவது சாதாரணம். பத்திரிகை விளம்பரச் செலவு அதற்குள் அடங்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். திகதியை நீங்கள் மாற்றினால் திரும்ப விளம்பரம், திரும்பக் காசு. ஒப்பந்தக்காரர் உறுதியாக நாள் சொல்லாமல் விண்ணப்பத்தை அனுப்பாதீர்கள்.

நாங்கள் போன மாசி மாதம் கழிவுநீர் இணைப்புக்காக வீதியை இரண்டு நாள் மூடினோம். கவுன்சில் கம்பத்தில் தன் பங்குக்கு ஒரு தாளைக் கட்டியது. நான் நாற்பது தாள் அச்சடித்து, பத்து நாளுக்கு முன் வீதியின் இரண்டு பக்கமும் கதவு கதவாகப் போனேன். சலூன்காரருக்கு மட்டும் இரண்டு நாள்தான் என்று வாயாலும் சொன்னேன்.